முகூர்த்த நாள் பார்த்த பாய் சார்

சபையார் நடத்தும் கல்லூரி என்பதால் எங்கள் கல்லூரியில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. வகுப்புக்கு ஒன்று என்று வசனத்தோடு சுவரெங்கும் தொங்கும். ஆபீசில் தலைமை எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் மட்டும், ஆலங்காயம் மளிகைக்கடை ஒன்று கொடுத்த நாள்காட்டி இருந்தது. ராகுகாலம், எமகண்டம், கரிநாள், முகூர்த்த நாள் எல்லாம் அச்சடித்து, தினம் ஒரு தாள் கிழிக்கிற சாதாரண நாள்காட்டி. அதைக் கிழித்தவர் ஐந்து வேளையும் தொழுகிற வாணியம்பாடிக்காரர். அவரை நாங்கள் பாய் சார் என்போம். பிரின்சிபல் ஃபாதரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை.

அந்த நாள்காட்டியில் அவர் தேதி பார்த்து நான் கண்டதில்லை. முகூர்த்தம்தான் பார்ப்பார். "அடுத்த வாரம் மூணு முகூர்த்தம் வருது சிஸ்டர்" என்று எங்கள் விடுதி வார்டனிடம் சொல்வார், ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொல்கிற குரலில். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு எந்தெந்தப் பெண்ணின் ஊரில் என்னென்ன பேச்சு அடிபடுகிறது என்று கணக்கெடுப்பார்கள். மலையில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே ஆவணியில் எத்தனை நல்ல நாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வரும். பாய் சார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

காரணம் டி.சி. ஜவ்வாது மலையில் பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ் என்று நடத்துகிற சின்னக் கல்லூரிக்குப் பெண்கள் வந்ததே பெரிய விஷயம். "அத படிச்சி இன்னா வேலைக்கிப் போவப் போற" என்று கேட்காத வாய் எங்கள் ஊரில் இல்லை. வந்தவர்களையும் ஒன்றிரண்டு வருஷத்தில் அப்பன்மார் வந்து கல்யாணத்துக்கு இட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதிலே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பெண்ணை நிச்சயம் பண்ணின பிறகு அவள் மறுபடி காலேஜுக்கு ஓடிவந்து விடுதியில் உட்கார்ந்துகொண்ட சங்கதி ஒன்றிரண்டு நடந்ததால், மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே கேட்க ஆரம்பித்தார்கள்: "காலேஜுல காயிதம் வாங்கியாச்சா?" டி.சி. கைக்கு வராமல் தாலிக்கு நாள் குறிக்க மாட்டார்கள். ஆகவே பாய் சார் காயிதத்தைத் தராமல் இழுத்தடித்தார். ஆடியோ புரட்டாசியோ மார்கழியோ பிறக்கும்வரை இழுத்துவிட்டால் ஒரு மாதம் லாபம். ஒரு மாதத்தில் எதுவும் நடக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

என் விஷயத்தில் நடந்தது. முதல் வருஷம் கார்த்திகைக் கடைசியில் அப்பா வந்து ஆபீஸ் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டி.சி. வேணுங்க."

"இன்னா விசயம் கவுண்டரே?"

"வூட்ல வேலை இருக்குங்க."

எல்லா அப்பன்மாரும் சொல்வது அதுதான். கல்யாணம் என்று சொன்னால் வயது கேட்பார்கள், ஃபாதரிடம் அனுப்புவார்கள், பேச்சு வளரும். வீட்டில் வேலை என்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பாய் சார் அப்பாவைப் பார்க்காமல் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபாதர் வேலூருக்குப் போய்ட்டாரே. அவரு கையெழுத்து போடணும். திங்கக்கெழம வாங்க."

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் ஃபாதர் அரைக்கால் சட்டையோடு விசில் ஊதி வாலிபால் ஆடவைத்துக்கொண்டிருந்தார். அங்கி இல்லாத ஃபாதரை அப்பா எங்கே கண்டார்? தலையாட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்தபோது முத்திரையின் பிடி உடைந்து சரிசெய்யக் கீழே போயிருந்தது. வியாழக்கிழமை வந்தபோது நான் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பவில்லை என்றார். நான் அதுவரை நூலகத்துக்குள் காலே வைத்ததில்லை. நான்காம் தடவை அப்பா வந்தபோது மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"இனிமே அவசரம் இன்னா கவுண்டரே? தை வரைக்கும் படிக்கட்டுமே" என்றார் பாய் சார். அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபப்படுவார் என்று பயந்தேன். "பாய் கில்லாடிதான்" என்று சொல்லிவிட்டு, வாங்கிவந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப் ஏறிப் போனார். அந்த மாப்பிள்ளை வீட்டார் பொறுக்காமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். என் படிப்பு அப்படித்தான் மிஞ்சியது.

ஒருநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு பீரோவைத் திறந்து காட்டினார். என் டி.சி. அங்கே இருந்தது. அப்பா கேட்ட முதல் நாளே எழுதி, ஃபாதரிடம் கையெழுத்து வாங்கி, உடையாத முத்திரையைக் குத்தி வைத்திருந்தார். "பொய்யி வாய்ல மட்டும்தாம்மா இருக்கணும். வேலைல இருக்கக் கூடாது" என்றார். குறுக்கே இரண்டு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். அதைக் கோப்பில் சேர்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பிறகு நான் பட்டம் வாங்கிய அன்றும் பார்க்கவில்லை.

அவரிடம் இன்னும் சில பழக்கங்கள் இருந்தன. காலை ஜெபத்தில் சிற்றாலயத்துக்குள் வரமாட்டார். வெளியே படியோரம் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். மூன்றாம் பீரியடில் தாழ்வாரத்தில் நடந்து ஒவ்வொரு வகுப்பிலும் எந்த பெஞ்சு காலி என்று எட்டிப் பார்ப்பார். இரண்டு நாள் ஒருத்தி வரவில்லை என்றால் நெல்லிவாசல் பக்கம் போகிற ஜீப்காரர்களிடம் சொல்லி அனுப்புவார். வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஜும்மாவுக்கு வாணியம்பாடி இறங்கிவிடுவார். பீரோ சாவியும் அவரோடு இறங்கிவிடும். ஒரு தடவை அவர் இல்லாத வெள்ளிக்கிழமையில் வேறொரு எழுத்தர் கேட்டவுடன் டி.சி.யை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அன்று முதல் சாவியை யாரையும் நம்பி விட்டதில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். விடுதியில் அவர் குரலில் பேசிக்காட்டி நாங்கள் நிறையச் சிரித்திருக்கிறோம். நன்றாகப் பேசிக்காட்டுகிறவள் ஜெயக்கொடி. விடுதியில் எனக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவள். இனி எழுதப்போவது அவளைப் பற்றி என்பதால் எனக்குக் கை ஓடவில்லை.

அவளுக்கு நர்ஸ் ஆகவேண்டும். கீழே, பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு முதல் வருஷம் விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷமும் போட்டாள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். ஆவணிக் கடைசியில் ஊருக்குப் போனவள் திரும்பிவந்து ஒரு ராத்திரி மட்டும் தங்கினாள். துணிமணியை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். இடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். என் காதோடு சொன்னாள். "யாருக்கும் சொல்லாத. எங்கப்பாவுக்கு நான் உங்கிட்ட சொன்னதே தெரியக் கூடாது."

அதுவும் எங்கள் மலையின் வழக்கம்தான். கைக்கு வந்து சேராத நல்லதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சாமை நன்றாக விளைந்திருந்தாலும் களத்துக்கு வரும்வரை "ஏதோ இருக்குது" என்றுதான் சொல்வோம். மாடு விற்கப் போகிறவன் மேய்க்கப் போவதாகச் சொல்வான். சொன்னால் கண் பட்டுவிடும். ஜெயக்கொடியின் அப்பா வாய் அதிகம் திறக்காதவர். புதன்கிழமை டி.சி. கேட்க வந்தவரிடம் பாய் சார் வழக்கம்போல என்ன விஷயம் என்று கேட்டார். அவர் மகளுக்கு வந்த நல்ல காரியத்தை மறைக்க வேண்டும். மறைப்பதற்கு மலையில் எல்லாருக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது.

"வூட்ல வேலை இருக்குங்க."

ஆவணியில் இன்னும் இரண்டு முகூர்த்தம் பாக்கி. அதற்குப் பிறகு புரட்டாசி. பாய் சார் நாள்காட்டியைப் பார்த்தார். ஃபாதர் வேலூருக்குப் போயிருப்பதாகவும் திங்கட்கிழமை வரும்படியும் சொன்னார். ஆபீஸ் மனிதர் சொன்னால் எதிர்த்துப் பேசத் தெரியாதவர் அந்த அப்பா. "சரிங்க" என்று திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜெயக்கொடி அப்பாவோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஆபீஸ் திறந்திருந்தது, பீரோ பூட்டியிருந்தது. அன்று ஃபாதர் நிஜமாகவே வேலூரில் இருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில்தான் செல்போன் எடுக்கும். சிஸ்டரின் போனை வாங்கிக்கொண்டு நான் அங்கே நின்று பாய் சாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொழுகை நேரம், அணைத்து வைத்திருந்தார். இரண்டு மணிக்கு எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து "வர்றேன்" என்று ஒரு வார்த்தை.

மூன்றரைக்கு ஒரு வாடகைக் காரில் வந்தார். வெள்ளை ஜிப்பா, தொப்பி. அவரை அந்த உடுப்பில் அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை. அவசரத்தில் வேறு சாவியைப் போட்டுத் திருகினார், சிஸ்டர் வாங்கித் திறந்தார். டி.சி. புதன்கிழமைத் தேதியோடு, கையெழுத்தோடு, முத்திரையோடு தயாராக மேலேயே இருந்தது. ஜெயக்கொடி அதை வாங்கிக்கொண்டு அதே காரில் அப்பாவோடு ஏறினாள். பாய் சாரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. ஆபீஸ் மூடியிருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இடம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஃபாதரின் அறையில் எல்லாரும் நின்றோம். ஜெயக்கொடியின் அப்பா, ஜெயக்கொடி, சிஸ்டர், போன் பேசியவள் என்பதற்காக நான். ஃபாதர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் பாய் சார், யாரையாவது ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா? அவ கூடப் படிக்கிற பொண்ணுங்க இருக்காங்களே."

"கேக்கல ஃபாதர். நான் யாரையும் கேக்கல. கேட்டிருக்கணும். என் தப்புதான்."

அது பொய். அவர் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

புதன்கிழமை ஜெயக்கொடியின் அப்பா போன கால் மணி நேரத்தில் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "இன்னாம்மா, ஜெயக்கொடிக்குக் கல்யாணமா?" என்றார். நான் "தெரியாது சார்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருஷமாக எத்தனையோ பெண்கள் தோழியின் கல்யாணத்தை அந்த ஒரே சொல்லால் அவரிடம் மறைத்திருக்கிறார்கள். என் தடுமாற்றமும் அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும். "சரி, போ" என்றார். ஃபாதரின் அறையில் அவர் என் பக்கமே திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெயக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?" அவளுடைய வீட்டில் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். "சத்தியமா சொல்லலடி" என்றேன். உண்மை. அவ்வளவு உண்மையை நான் வாழ்நாளில் வேறெப்போதும் சொன்னதில்லை. அவள் நம்பி, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அவளைத் திரும்பப் படிக்க அனுப்பவில்லை. தையில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் காயிதம் வாங்கியாச்சா என்று கேட்டிருப்பார்கள். காயிதம் கையில் இருந்தது. நர்சிங்குக்காக வாங்கிய அதே காயிதம். இப்போது அவள் புருஷனோடு வருஷம் தவறாமல் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறாள். ஊர்த் திருவிழாவில் பார்த்தால் சிரித்துப் பேசுவாள். பாய் சார் மாதிரி பேசிக்காட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

பாய் சார் நாள்காட்டியைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அதற்குப் பிறகு யார் டி.சி. கேட்டாலும் பத்து நிமிஷத்தில் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்பார்.

"வூட்ல வேலைன்னா இன்னா வேலை கவுண்டரே?"

கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவர்கள் "வேலைதாங்க" என்பார்கள். அவர் பேனாவை எடுத்து எழுதிவிடுவார். அந்தத் தையில் எங்கள் விடுதியிலிருந்து நான்கு பேர் போனார்கள். ஒவ்வொருத்தியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒருநாள் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினார். "பாய் சார், கொஞ்சம் இழுத்துப் புடிங்களேன். முன்ன மாதிரி."

"எனக்கு இனிமே எது இன்னான்னு தெரியல சிஸ்டர்" என்றார் அவர்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெயக்கொடி நர்ஸ் ஆகியிருப்பாள். அந்த நான்கு பேரில் இரண்டு பேராவது படித்து முடித்திருப்பார்கள். மூன்றாம் வருஷம் முழுவதும் ஆபீஸ் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்து பட்டம் வாங்கினேன். அவரும் என்னைக் கூப்பிடவில்லை.

பி.எட். முடித்து மலையிலேயே ஓர் அரசு விடுதிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பாய் சார் ஓய்வு பெற்றுவிட்டதாகவும் சர்க்கரையில் ஒரு காலின் விரல்களை எடுத்துவிட்டதாகவும் சிஸ்டர் சொன்னார். போன மாதம் ஒரு சனிக்கிழமை வாணியம்பாடிக்குப் போய் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் ஒன்றரை மணி நேரம் வேறு எல்லாவற்றையும் பேசினேன். என் பள்ளிக்கூடம், மலைக்குப் புதிதாக விட்டிருக்கிற பஸ், ஃபாதர் மாற்றலாகிப் போனது. அவர் மனைவி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். கட்டிலுக்கு மேல் தொழுகை நேர அட்டவணை மட்டும் இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கல்லூரியில் இந்த வருஷம் எத்தனை பெண்கள் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஆறு மணி ஆகப்போயிற்று. சொல்ல வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னொரு டீ குடிச்சிட்டுப் போம்மா."

"இல்ல சார், கெளம்பறேன். வூட்ல வேலை இருக்குது."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் டம்ளரைக் கட்டிலோரம் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா வேலைம்மா?"

காத்திருந்தார். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும் சார். ஜெயக்கொடிக்கு நர்சிங் கெடச்சது, நீங்க கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவர் ஆச்சரியப்படவில்லை. போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "சொன்னா கண்ணு படும்னு பயந்துட்டியா?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லித் தப்பிப்பதற்கு வழி விட்டுத்தான் கேட்டார். அந்த வழியில் போக எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல சார். அவ போய்ட்டா ஹாஸ்டல்ல நான் ஒண்டியா இருக்கணுமேன்னு நெனச்சேன். ஒரு வாரம் தள்ளிப் போனா நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

அழுதேன். அவர் தடுக்கவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவர் பேசினார்.

"நானும் அதுக்குத்தாம்மா பண்ணேன். ஒவ்வொரு வாட்டியும். பொண்ணுங்க படிக்கணும்னுதான் பண்றேன்னு சொல்லிகினு இருந்தேன். அது ஒண்ணும் கெடையாது. ஒரு பெஞ்சு காலியானா என்னால தாங்க முடியாது. அவ்ளோதான்."

ஆலங்காயம் பஸ் அந்நேரம் போயிருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் ஆகும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் போ என்று சொல்லவில்லை.